நிலவேம்புக் குடிநீர்: காய்ச்சும் முறை, குடிக்கும் அளவு, நிறுத்த வேண்டிய நேரம்

முதலில் கையில் இருக்கும் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். "நிலவேம்புப் பொடி" என்று போட்டிருக்கிறதா, "நிலவேம்புக் குடிநீர்ச் சூரணம்" என்று போட்டிருக்கிறதா? இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் பாதிப் பேர் வாங்கிப் போகிறார்கள். முதலாவது வெறும் நிலவேம்பு. இரண்டாவதில் ஒன்பது சரக்கு: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம். காய்ச்சலுக்கு அரசு மருத்துவமனையில் காய்ச்சிக் கொடுப்பது இந்த ஒன்பதும் சேர்ந்த சூரணத்தைத்தான். வெறும் நிலவேம்பை அதே அளவுக்குப் போட்டுக் காய்ச்சினால் மருந்தின் கனம் பல மடங்கு கூடிவிடும். கசப்பும் அப்படித்தான், குடித்தவர் அப்புறம் உங்களை மன்னிக்க மாட்டார்.

நான் ஒரு தாலுகா அரசு மருத்துவமனையில் சித்தா பிரிவு மருந்தாளுநர். புரட்டாசி கடைசியிலிருந்து தை வரைக்கும் என் காலைப்பொழுது இந்தக் கஷாயத்தோடுதான் விடிகிறது. வரிசையில் நிற்பவர்கள் கேட்கும் கேள்விகள் வருஷா வருஷம் மாறுவதில்லை. கவுன்ட்டர் கம்பிக்குப் பின்னால் இருந்துகொண்டு ஒவ்வொருவருக்கும் அரை நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே சாவகாசமாகச் சொல்கிறேன்.

வாங்கும்போது

அரசு மருத்துவமனை சித்தா பிரிவில் காசில்லாமல் கிடைக்கும். வெளியில் வாங்குவதானால் டாம்ப்கால், இம்ப்காப்ஸ் மாதிரி உரிமம் பெற்ற நிறுவனத்தின் பாக்கெட்டாக இருக்கட்டும். முன்னது தமிழக அரசின் கழகம். பின்னது 1944-ல் தொடங்கிய மருத்துவர்களின் கூட்டுறவு, சென்னை திருவான்மியூரில் இருக்கிறது. எந்த நிறுவனமானாலும் உரிம எண், தொகுப்பு எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, சரக்குகளின் அளவு எல்லாம் அச்சில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கவரில் கட்டி ஸ்டேப்ளர் அடித்து, மேலே பேனாவால் "நிலவேம்பு" என்று எழுதியதை வாங்காதீர்கள். நாட்டு மருந்துக் கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் சந்தனமும் விலாமிச்சை வேரும் விற்கிற விலைக்கு அவை இரண்டும் அதில் உண்மையாகவே விழுந்தனவா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பாக்கெட்டைப் பிரித்தவுடன் மூக்கருகில் கொண்டுபோங்கள். வெட்டிவேரும் சந்தனமும் முதலில் வரும், அதற்கடியில் சுக்கு. பூசண வாடையோ, ஒன்றுமே இல்லாத வைக்கோல் வாடையோ அடித்தால் வேண்டாம். விரலால் தேய்த்தால் நரநரவென்று இருக்க வேண்டும். மைபோல அரைத்த பொடி, காய்ச்சும்போது கூழாகி வடிகட்டியில் நிற்காமல் டம்ளருக்குள் இறங்கிவிடும். குடித்துவிட்டுத் தொண்டை கரகரக்கிறது என்பார்கள். குடிநீருக்கு எப்போதும் ஒன்றிரண்டாக இடித்ததுதான்.

காய்ச்சும்போது

ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு 5 கிராம் சூரணம், 200 மில்லி தண்ணீர். அது 50 மில்லியாகச் சுண்ட வேண்டும். நாலில் ஒன்று என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். 5 கிராம் என்பதை ஸ்பூனை நம்பி அளக்காதீர்கள். ஸ்பூன் வீட்டுக்கு வீடு வேறு, இந்தச் சூரணமோ வேரும் தூளுமாகப் பொசபொசவென்று நிற்கும். சமையலறைத் தராசு இருந்தால் ஒருமுறை நிறுத்து, உங்கள் வீட்டு ஸ்பூனில் எவ்வளவு வருகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் 50 கிராம் பாக்கெட்டைப் பழைய செய்தித்தாளில் கொட்டிப் பத்துச் சம பங்காகப் பிரித்து, பொட்டலம் கட்டி வைத்துவிடுங்கள். எங்கள் பிரிவில் தராசு பழுதாகும் நாளில் நாங்கள் செய்வதும் அதுதான்.

நாலில் ஒன்றாகச் சுண்டியதா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். பெரும்பாலோர் பாதி சுண்டியதுமே இறக்கிவிடுகிறார்கள். அடுப்பு பற்ற வைப்பதற்கு முன், பாத்திரத்தில் 50 மில்லி தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். சுத்தமான ஒரு குச்சியையோ கரண்டிக் காம்பையோ நட்டுக்குத்தலாக உள்ளே விட்டு, நனைந்த இடத்தில் நூல் கட்டிக்கொள்ளுங்கள். பிறகு மீதி 150 மில்லியை ஊற்றிச் சூரணத்தைப் போட்டுக் கலக்குங்கள். இனி எப்போது வேண்டுமானாலும் குச்சியை விட்டுப் பார்க்கலாம். நூலுக்கு ஒரு மயிரிழை மேலே நின்றால் போதும், வடிகட்டும்போது சூரணம் கொஞ்சம் குடித்துக்கொள்ளும். அகலமான வாணலியில் இந்த வேலை ஆகாது. சின்ன, குறுகிய பாத்திரம் வேண்டும். மண்சட்டி நல்லது, இல்லையென்றால் எவர்சில்வர். அலுமினியம், பித்தளை வேண்டாம்.

தீ சிறியதாக இருக்கட்டும். மூடக் கூடாது. கொதி வந்ததும் நுரை பொங்கி விளிம்பு வரை ஏறும். அந்த நேரத்தில் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றால் பாதி மருந்து அடுப்பில் போய்விடும். ஐந்தாறு நிமிடத்தில் வெட்டிவேர் வாசனை வீடு முழுக்க நிறையும், அப்புறம் அது அடங்கி ஒரு பச்சைக் கசப்பு நெடி மேலே வரும். அந்த நெடி வந்த பிறகுதான் நீங்கள் பக்கத்திலேயே நின்று குச்சியைப் பார்க்க வேண்டும். கடைசி 20 மில்லி கண் இமைப்பதற்குள் வற்றும், அடிபிடித்தால் அந்தச் சட்டியைக் கழுவுவது தனி வேலை. இறக்கி, இரண்டாக மடித்த வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பிழியுங்கள். கடும்டீ நிறத்தில் இருக்கும்.

நான்கு பேருக்குச் சேர்த்துக் காய்ச்சுவதானால் எல்லாவற்றையும் நான்கால் பெருக்குங்கள். நேரம் மட்டும் கூடுதலாகும். காய்ச்சிய சக்கையில் மறுபடி தண்ணீர் ஊற்றி இரண்டாம் தடவை காய்ச்சுவது சிக்கனம் மாதிரித் தெரியும். அதில் எவ்வளவு மருந்து இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது, செய்யாதீர்கள்.

சித்த மருத்துவத்தில் குடிநீருக்கு ஆயுள் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். காலையில் காய்ச்சி மாலைக்கும் வைத்துக்கொள்ளலாமா என்று தினமும் ஒருவராவது கேட்கிறார். கூடாது. ஃபிளாஸ்கில் வைத்தாலும் கூடாது, ஃபிரிட்ஜில் வைத்தாலும் கூடாது. மாலைக்கு மாலையில் காய்ச்ச வேண்டியதுதான். அதனால்தான் தெருமுனையில் பந்தல் போட்டு, குழாய் வைத்த டிரம்மில் நாள் முழுக்க ஊற்றிக் கொடுக்கும் கஷாயத்தை நான் குடிக்கச் சொல்வதில்லை. கொடுப்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் எப்போது காய்ச்சியது, எத்தனை பேருக்கு எத்தனை பொட்டலம் போட்டது, எவ்வளவு பச்சைத் தண்ணீர் அப்புறம் கலந்தது என்று அங்கே யாரும் குறித்து வைப்பதில்லை. ஒருமுறை பிற்பகல் மூன்று மணிக்கு அப்படியொரு டிரம்மைத் திறந்து முகர்ந்து பார்த்தேன், புளித்த வாடை வந்தது.

குடிக்கும்போது

பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 30 முதல் 60 மில்லி வரை, காலை ஒன்று மாலை ஒன்று. காய்ச்சல் இருக்கும் மூன்று முதல் ஐந்து நாள் போதும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு எடையையும் வயதையும் பார்த்துச் சித்த மருத்துவர் எழுதித் தர வேண்டும். "பக்கத்து வீட்டுப் பையனுக்கு ரெண்டு மூடி குடுத்தாங்க" என்பது அளவு கிடையாது.

வெறும் வயிற்றிலா, சாப்பிட்டா? முறைப்படி சாப்பாட்டுக்கு முன்புதான். ஆனால் காய்ச்சலில் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவர் வெறும் வயிற்றில் இதை இறக்கினால் குமட்டும், வயிறு பிசையும், சிலருக்கு வயிற்றுப்போக்கும் ஆகும். சாதாரண ஜலதோஷக் காய்ச்சலில் இது வெறும் தொந்தரவு. டெங்குவில் அப்படியில்லை, அங்கே வாந்தியும் வயிற்றுவலியும் அபாய அறிகுறிகள். கஷாயத்தால் வந்த வாந்தியா, நோயால் வந்த வாந்தியா என்று மருத்துவருக்கே குழப்பம் வரும். வீட்டில் இருப்பவர்களோ "கசப்புக்குத்தான் எடுத்துட்டான்" என்று அதை ஒதுக்கிவிடுவார்கள். ஆகவே என் யோசனை: கொஞ்சம் கஞ்சி குடித்து அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். ஒரு தடவை வாந்தி எடுத்தால் அந்த வேளையோடு விடுங்கள். மறுபடி கொடுத்துப் பார்க்காதீர்கள். கஷாயத்தை நிறுத்திய பிறகும் வாந்தி தொடர்ந்தால் அது கஷாயத்தின் வேலை இல்லை, கிளம்புங்கள்.

இனிப்பு சேர்க்கலாமா? பனங்கற்கண்டு ஒரு சிறு துண்டு வாயில் போட்டுக்கொள்ளலாம், தவறில்லை. மடமடவென்று குடித்துவிட்டு உடனே வெந்நீர் குடிப்பது எல்லாவற்றையும்விட நல்லது. "சிஸ்டர், புள்ளைக்கு இதுல கொஞ்சம் பூஸ்ட் கலந்து குடுக்கட்டுமா?" என்று ஒரு அம்மா கேட்டார். சிரித்துவிட்டேன், ஆனால் அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. இரவு முழுக்கக் காய்ச்சல் பிள்ளையோடு விழித்திருந்த முகம். பாலிலும் சத்துமாவிலும் கலக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

இன்னொன்று. 50 மில்லி கஷாயம் நீராகாரக் கணக்கில் சேராது. காய்ச்சல்காரருக்கு நாள் முழுக்கத் தண்ணீர், கஞ்சி, மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ். என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும், டம்ளர் டம்ளராகப் பிரித்துப் போடக் கூடாது. என்னைக் கேட்டால் இரண்டில் ஒன்றுதான் தருவேன் என்று யாராவது மிரட்டினால் கஷாயத்தை விட்டுவிட்டு ஓ.ஆர்.எஸ்.ஸை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். சித்தா பிரிவில் உட்கார்ந்துகொண்டு இப்படிப் பேசுகிறாளே என்று எங்கள் ஆட்களே கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

இது என்ன செய்யும், என்ன செய்யாது

2006-ல் சிக்குன்குனியா வந்து ஊர் ஊராக மூட்டைப் பிடித்து முடக்கியபோதுதான் இந்தக் குடிநீர் வீட்டுக்கு வீடு நுழைந்தது. 2012-ல் டெங்கு பரவியபோது தமிழக அரசே நிலவேம்புக் குடிநீரையும், பப்பாளி இலைச் சாற்றையும், மலைவேம்பு இலைச் சாற்றையும் பரிந்துரைத்தது. 2017 அக்டோபரில், ஆய்வு முடியும் வரை தன் இயக்கத்தார் இதை விநியோகிக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் ட்விட்டரில் எழுத, அது பெரிய சண்டையாகி ஓய்ந்தது. அந்த வாரம் எங்கள் வரிசையில் மருந்தைவிட விவாதம்தான் அதிகம் வழங்கப்பட்டது.

எனக்கு அதில் இருக்கும் நிலைப்பாடு இதுதான். நிலவேம்பில் ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற கசப்புப் பொருள் இருக்கிறது. சளி, தொண்டைக் கரகரப்பு, இருமல் ஆகியவற்றின் தொந்தரவைக் குறைப்பதாக மனிதர்களிடமே நடந்த ஆய்வுகள் உண்டு. தாய்லாந்தில் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே நிலவேம்பு இருக்கிறது. டெங்கு, சிக்குன்குனியா வைரஸ்களுக்கு எதிராக ஆய்வகத்தில் வேலை செய்வதையும் காட்டியிருக்கிறார்கள். ஆய்வகக் கிண்ணத்தில் வைரஸ் அடங்குவதும் ஐந்தாம் நாள் டெங்கு நோயாளியின் ரத்தக்குழாயில் நடப்பதும் ஒன்றாகிவிடாது. டெங்குவுக்கென்று வைரஸைக் கொல்லும் மருந்து எந்த மருத்துவ முறையிலும் இன்று வரை நிரூபணமாகவில்லை. உடம்பு வலி தணிகிறது, வாய்க்குப் பசி எடுக்கிறது என்று என்னிடம் சொன்னவர்கள் நிறையப் பேர், அதை நான் நம்புகிறேன். "பிளேட்லெட் ஏத்தும்" என்று யாராவது சொன்னால் நம்புவதில்லை.

காய்ச்சல் விட்ட நாள்

இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன், இந்த இடத்தை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள்.

டெங்கு காய்ச்சல் மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் தானாகவே இறங்கும். கஷாயம் குடித்தாலும் இறங்கும், குடிக்காவிட்டாலும் இறங்கும். ஆபத்து தொடங்குவதே அந்த நேரத்தில்தான். காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஒன்றிரண்டு நாளில் சிலருக்கு ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் சேரும். உள்ளே ரத்தம் கெட்டியாகும், ரத்த அழுத்தம் சரியும். அந்த நேரத்தில் உடம்பு தொட்டால் சில்லென்றிருக்கும். வீட்டில் இருப்பவர்கள் "அப்பாடா, ஜுரம் விட்டுருச்சு, கஷாயம் கேட்டுருச்சு" என்று நிம்மதியாகப் படுத்துவிடுவார்கள்.

போன மழைக்கு முந்தைய மழையில் கொத்தனார் வேலை பார்க்கும் ஒருவர் மனைவியோடு வந்தார். நாற்பது வயது இருக்கும். மீதிப் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாராம். "காய்ச்சல் போயிருச்சு சிஸ்டர், இது வேற யாருக்காச்சும் ஆகட்டும். வயித்துல மட்டும் பிடிச்சாப்ல ஒரு வலி." பேசும்போது கவுன்ட்டர் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார். பொட்டலத்தை வாங்கும்போது அவர் விரல் என் மேல் பட்டது. ஈரமாகவும், ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்ததுபோலவும் இருந்தது. நெற்றி முடி வேர்வையில் ஒட்டிக்கிடந்தது. எத்தனாவது நாள் என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை. மனைவி விரல் விட்டு எண்ணி ஐந்து என்றார். காலையிலிருந்து ஒன்றுக்குப் போனாரா என்று கேட்டேன், போகவில்லை. எங்கள் உதவியாளரை வீல் சேர் கொண்டுவரச் சொல்லி எதிர்க்கட்டடத்து அவசரப் பிரிவுக்கு அனுப்பினேன். "அட, நடந்தே போறேன்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அங்கே நாடி பிடித்துப் பார்த்த டாக்டர் அடுத்த நிமிடம் டிரிப் ஏற்றச் சொல்லிவிட்டார். பிழைத்துக்கொண்டார்.

ஆகவே காய்ச்சல் தொடங்கிய நாளைத் தினசரிக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். டெங்குவைக் கண்டுபிடிக்கும் என்எஸ்1 ரத்தப் பரிசோதனை முதல் ஐந்து நாளுக்குள்தான் நன்றாகக் காட்டும், அதற்குப் பிறகு ஐஜிஎம் என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை. எது எடுக்க வேண்டும் என்று தீர்மானிக்கவே டாக்டருக்கு அந்த வட்டம் வேண்டும். காய்ச்சல் விட்ட பிறகு இரண்டு நாள் வேலைக்கோ பள்ளிக்கோ அனுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இவற்றில் ஒன்று வந்தாலும் கஷாயச் சட்டியை அப்படியே வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்: விடாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், கை கால் சில்லிட்டு வேர்ப்பது, எழுந்து நின்றால் கண் இருட்டுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது, மூச்சு வாங்குவது. பிள்ளைகளாக இருந்தால் காரணமில்லாமல் நச்சரிப்பதும், எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பதும் சேர்த்தி.

டெங்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். மழைக்காலத்துக் காய்ச்சலில் எலிக்காய்ச்சல், டைபாய்டு, மலேரியா எல்லாம் கலந்து வரும். உண்ணிக்காய்ச்சல் என்று ஒன்று இருக்கிறது. புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு பூச்சி கடித்து வருவது. அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ தொடை இடுக்கிலோ, வலிக்காத ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், பீடிச் சூடு பட்ட அளவுக்கு. காய்ச்சல்காரரைக் குளிப்பாட்டும்போது ஒருமுறை தேடிப் பாருங்கள். டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்கு அது கேட்டுவிடும். வாரக்கணக்கில் கஷாயம் குடித்துக்கொண்டு இருந்தால் நுரையீரலும் சிறுநீரகமும் போய்விடும். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் ரத்தப் பரிசோதனை, அதற்கு மாற்று இல்லை.

யார் குடிக்கக் கூடாது

கர்ப்பிணிகள். இதில் பேச்சே இல்லை. கருவைப் பாதிக்கும் என்று விலங்குகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. கல்யாணமாகி வரும் பெண்களிடம் நான் பொட்டலத்தைக் கொடுப்பதற்கு முன் குரலைத் தாழ்த்தி "நாள் ஏதும் தள்ளிப் போயிருக்காம்மா?" என்று கேட்பேன். மாமியார் பக்கத்தில் நின்றால் அந்தப் பெண் பதில் சொல்ல மாட்டாள், அதனால் மாமியாரை டோக்கன் வாங்க அனுப்பிவிட்டுக் கேட்பதும் உண்டு. குழந்தைக்காக முயற்சி செய்துகொண்டிருப்பவர்களுக்கும், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் இதே பதில்தான்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் கவனம். நிலவேம்பும் சர்க்கரையை இறக்கும். காய்ச்சலில் சாப்பாடு இறங்காமல், மாத்திரையும் போட்டு, கஷாயமும் குடித்தால் தாழ்சர்க்கரையாகி மயங்கி விழுவார்கள். பி.பி. மாத்திரைக்காரர்களுக்கு அழுத்தம் கூடுதலாக இறங்கலாம். இருதயத்துக்கு ஸ்டென்ட் வைத்து குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள், வால்வு மாற்றி வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் தொடவே வேண்டாம். ரத்தம் உறைவதை இதுவும் தடுக்கும். சிறுநீரகம் மாற்றி எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தில் இருப்பவர்களும் அப்படியே. வலிப்புக்கு ஃபெனிடாயின் எடுப்பவர்களிடம் நான் மிளகைக் காரணம் காட்டுவேன். மிளகில் உள்ள பைப்பரின் அந்த மருந்து ரத்தத்தில் ஏறும் அளவைக் கூட்டும். குடற்புண் உள்ளவர்களுக்கு எரிச்சல் கிளம்பும்.

ஒவ்வாமை யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் நிலவேம்பு சேர்ந்த மருந்துகளின் உறையிலேயே கடும் ஒவ்வாமை வரலாம் என்று எச்சரிக்கை போட வைத்திருக்கிறார்கள். முதல் தடவை குடிப்பவர் முதலில் ஒரு வாய் குடித்துக் கொஞ்ச நேரம் பொறுக்கட்டும். உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், தொண்டை அடைப்பு என்று எது வந்தாலும் அதோடு நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சிலருக்கு நாக்கில் ருசியே தெரியாமல் போகிறது. அதுவும் நிறுத்துவதற்கான காரணம்தான்.

கஷாயத்தோடு காய்ச்சல் மாத்திரை போடலாமா? பாராசிட்டமால் போடலாம். பெரியவர்களுக்கு 500 அல்லது 650, ஆறு மணி நேர இடைவெளியில். கஷாயம் குடிக்கிறோமே என்று அதை நிறுத்த வேண்டியதில்லை. ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்லோஃபினாக் கூடாது, டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டும். மெடிக்கலில் "உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்க" என்று கேட்டால் அந்தச் செட்டுக்குள் இவற்றில் ஒன்று இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. "ஊசி போட்டாத்தான் விடும்" என்று அடம்பிடித்து இடுப்பில் போட்டுக்கொள்ளும் வலி ஊசியும் அதே கதைதான்.

வருஷம் முழுக்கக் குடிப்பவர்கள்

வாரம் ஒருமுறை "முன்னெச்சரிக்கைக்கு" குடிக்கிறோம் என்று சிலர் வருவார்கள். டெங்குவைத் தடுப்பதற்கு அதைவிடச் சுலபமான வழி வீட்டிலேயே இருக்கிறது. ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டை கொசுவாகிப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். வாரம் ஒரு நாள் டிரம், சிமென்ட் தொட்டி, ஃபிரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டு, மாடியில் கிடக்கும் டயர் எல்லாவற்றையும் கொட்டி உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினால் போதும். தேய்க்க வேண்டும் என்பது முக்கியம், முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சர்க்கரைக்கென்று தினமும் காலையில் சிறியாநங்கை இலை மெல்லுபவர்களும் உண்டு. அதுவும் நிலவேம்புதான், ஊருக்கு ஊர் பெயர் வேறு. மாத்திரையை நிறுத்திவிட்டு இலையை மெல்லாதீர்கள், மாத்திரையோடு சேர்த்தும் சொல்லாமல் கொள்ளாமல் மெல்லாதீர்கள். வாசலில் நட்டால் பாம்பு வராது என்பது நம்பிக்கை, செடி அழகாகத்தான் இருக்கிறது, நட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பாம்பு கடித்தவருக்கு இலையைக் கொடுத்து, கசக்கிறதா இனிக்கிறதா என்று பார்த்து விஷம் ஏறியதைக் கண்டுபிடிப்பது கொலைக்குச் சமம். அந்த நேரத்தில் அவர் விஷமுறிவு ஊசிக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்ந்த அந்த ஊசி அரசு மருத்துவமனையில் இருக்கிறது. அதற்கான விஷத்தை வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்காரர்கள் எடுத்துக் கொடுக்கிறார்கள். பாம்பை அவர்களைவிட அறிந்தவர் யார், அவர்கள் எடுத்துக் கொடுக்கும் விஷமே ஊசிக்குத்தான் போகிறது.

மருத்துவமனைக்குப் போக வேண்டி வந்தால் சூரணப் பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். எப்போதிலிருந்து, எத்தனை வேளை, கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தது என்று டியூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். "கஷாயம் குடிச்சோம்னு சொன்னா திட்டுவாங்க" என்று மறைப்பவர்கள் நிறையப் பேர். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் போவதற்கோ, சர்க்கரை இறங்கியதற்கோ காரணம் தேடி அவர் நேரத்தை வீணாக்காமல் இருக்க அந்த ஒரு வரி உதவும். வார்டில் சேர்த்துவிட்டால், டிரிப் ஓடும்போது தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்த பாட்டிலிலிருந்து கஷாயம் ஊற்றிக் கொடுக்க வேண்டாம். மீந்த சூரணத்தை இறுக மூடிய பாட்டிலில் போட்டு, பிரித்த தேதியை மேலே எழுதி வையுங்கள். மூன்று மாதம் தாண்டினால் செடிக்கு உரமாகப் போட்டுவிடலாம்.